அசோலாவா, ஆகாத பாசியா?

சென்ற மாதம் உத்தமபாளையம் வட்டாரத்தில் தணிக்கைக்குச் சென்றிருந்தபோது, சங்கத்து அங்கத்தினர் ஒருவர் தம் வயலோரத் தொட்டியைப் பெருமையுடன் காட்டினார். "அசோலா வளர்க்கிறேன், ஐயா" என்றார். குனிந்து பார்த்தோம். தொட்டியில் இருந்தது சால்வீனியா! உண்மையைச் சொன்னதும், அவர் மனம் வருந்தி, அதனை அள்ளி வாய்க்காலில் கொட்ட முனைந்தார். நல்ல வேளையாகத் தடுத்தோம்.

அசோலா நீரில் மிதக்கும் சிறு பெரணி. அதன் இலைக்குழிகளில் குடியிருக்கும் அனபீனா என்னும் நுண்ணுயிர், காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்கு உதவுமாறு மாற்றித் தருகிறது. நம் நாட்டு அசோலா பின்னேட்டா ஆப்பிரிக்கச் சதுப்பு நிலங்களிலும் உண்டு. சீனத்திலும் வியத்நாமிலும் நெடுங்காலமாக அதனை நெல்லுக்கு உரமாக்கி வருகின்றனர்.

சால்வீனியாவும் பெரணியே, ஆனால் உழவனுக்குப் பகை. கேரளத்தார் அதனை ஆப்பிரிக்கப் பாயல் என்பர், தாயகமோ பிரேசில். 1939-இல் கொழும்புக்கு வந்து இலங்கை வயல்களில் பரவியது. ஆப்பிரிக்காவின் கரிபா நீர்த்தேக்கத்தில் 1962-இல் ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டரை மூடியது. தாவர நூலோரே அதனை வேறோர் இனமென மயங்கி, 1972-இல்தான் தனிப்பெயர் இட்டனர். ஆகவே அங்கத்தினர் ஏமாந்ததில் வெட்கமில்லை.

வேற்றுமை அறிவது எளிது. அசோலாவின் இலைகள் செதில்போல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். செடி முக்கோண வடிவாய் விரல் நகமளவே இருக்கும். கடும் வெயிலில் சிவக்கும். சால்வீனியாவின் இலைகள் இரண்டிரண்டாய் நிற்கும். மேற்புறத்தில் நுனி கூடிய மயிர்கள் அடர்ந்திருக்கும். வேர்போல் தொங்குவதும் உருமாறிய இலையே.

கடன் தருவதே சங்கத்தின் வேலை, பாசி பார்ப்பது வேளாண்மைத் துறையின் வேலை எனச் சிலர் கூறலாம். நாம் அதனை ஒப்புவதற்கில்லை. முல்லைப் பெரியாற்று நீரால் இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. ஒருவர் வாய்க்காலில் எறிந்தது கடைமடைக்காரர் வயலில் முளைக்கும். நீர் பொதுவெனில் எச்சரிக்கையும் பொதுவே.

நூலைத் தொட்டே நம்பர் சொல்லும் நெசவாளர் நம்மிடையே உண்டு. அக்கண்ணும் விரலும் உழவருக்கும் வாய்க்க வேண்டும். சங்கந்தோறும் ஒரு பூதக்கண்ணாடியும், சோதித்தறிந்த அசோலா நாற்றுத்தொட்டி ஒன்றும் வைத்தல் பெருஞ்செலவன்று. ஏரி குளங்களில் அள்ளி வந்ததை எவரும் வயலில் விட வேண்டா. சால்வீனியா கண்டால் நீரருகே போடாது, மேட்டில் உலர்த்திப் புதைத்துவிடுமாறு அங்கத்தினர்களை வேண்டிக்கொள்கிறோம்.