இருமொழிக் குழந்தையை ஒருமொழிக் கோலால் அளப்பதா?

ஐந்து அகவைக் குழந்தை எதுவும் அறியாமல் வெறுமையாய்ப் பள்ளி வாயிலை மிதிப்பதில்லை. தாய்மடியில் கேட்டும் பேசியும் ஈட்டிய சொற்செல்வத்தோடுதான் வருகின்றது. அச்செல்வத்தை எண்ணிப் பாராமலேயே, 'இக்குழந்தைக்கு ஒன்றுந் தெரியவில்லை' என்று குறித்துக்கொள்ளும் பள்ளி, இழப்பையே முதற்பாடமாகக் கற்பிக்கின்றது. அமெரிக்க ஒன்றிய நாடுகளில் இசுபானிய மொழிக் குழந்தைகளுக்கு நேர்ந்தது இதுவே.

இசுபானியம் அந்நாட்டிற்கு நேற்று வந்த மொழியன்று. 1848-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் மெக்சிக்கோவின் பெருநிலப் பரப்பு அமெரிக்காவின் கைக்கு மாறியபோதே, அம்மண்ணில் இசுபானியம் வழங்கிற்று. இன்றும் நான்கு கோடிக்கு மேற்பட்டோர் இல்லங்களில் அதனைப் பேசுகின்றனர். இருந்தும், தெக்சாசு மாநிலம் 1918-இல் ஆங்கிலமல்லாத மொழியிற் பாடஞ் சொல்வதையே குற்றமாக்கிச் சட்டமியற்றியது. விளையாட்டிடத்தில் தாய்மொழி பேசிய சிறுவர்களும் ஒறுக்கப்பட்டனர்.

இதனினும் கொடியது கலிபோர்னியாவில் நிகழ்ந்தது. இசுபானிய இல்லங்களிலிருந்து வந்த ஒன்பது மாணவர்களை ஆங்கிலத்தில் ஆய்ந்து, அறிவுக் குறையுடையோர் வகுப்பில் தள்ளினர். தம் மொழியில் மீண்டும் ஆயப்பட்டபோது, அவருட் பெரும்பாலோர் அக்குறைக்கு உரியவரல்லர் என்பது வெளிப்பட்டது. குழந்தையை அதன் இல்லமொழியிலும் ஆய்தல் வேண்டும் என்னும் உடன்பாடு, முறைமன்றத்தின் வழியாக 1970-இல்தான் பிறந்தது. குறை குழந்தையின் மூளையிலன்று; அளந்தவர் கைக்கோலில் இருந்தது!

இருமொழிக் குழந்தையின் சொற்கள் இரண்டு பெட்டிகளில் இருக்கின்றன. அடுக்களை, உறவு, உணவு ஆகியவற்றின் பெயர்கள் இசுபானியத்தில் இருக்கலாம். வண்ணங்களும் எண்களும் தொலைக்காட்சி வழியே ஆங்கிலத்தில் வந்திருக்கலாம். ஒரு பெட்டியை மட்டும் திறந்து எண்ணினால் பாதிச் செல்வமே கணக்கில் வரும். இரண்டையும் கூட்டி எண்ணினாலன்றி அதன் உண்மை வளம் புலப்படாது.

ஒலிப்பிலும் இதே பிழை நேர்கின்றது. 'சு' என்னும் ஒலியை அடுத்து மற்றொரு மெய் வரும் கூட்டம் இசுபானியச் சொல்லின் முதலில் வாராது. ஆகவே அத்தகைய ஆங்கிலச் சொல்லின் முன் அக்குழந்தை 'எ' சேர்த்துப் பலுக்குகின்றது. அம்மொழியின் பெயரை நாமே 'இ' சேர்த்து இசுபானியம் என்கின்றோம் அல்லவா? இது நோயன்று, மொழியியல்பு. இதனைப் பேச்சுக் குறைபாடென்று பட்டியலிடுவது பேதைமை.

இப்போது கலிபோர்னியப் பள்ளிகள் குழந்தையைச் சேர்க்கும்போதே நான்கு வினாக்களைக் கேட்கின்றன: குழந்தை முதலிற் பேசிய மொழி எது? வீட்டில் மிகுதியாகப் பேசுவது எது? பெற்றோர் அதனிடம் பேசுவது எது? வீட்டிலுள்ள பெரியோர் பேசுவது எது? நல்ல தொடக்கமே, எனினும் போதாது. மூத்த குழந்தை பள்ளியிலிருந்து ஆங்கிலத்தைக் கொணர்ந்த வீடு வேறு. பாட்டியே வளர்க்கும் வீடு வேறு. மெக்சிக்கோவிலிருந்து வந்த உழவுத் தொழிலாளர் சிலரின் தாய்மொழி இசுபானியமே அன்று; மிசுடெக்கு என்னும் தொல்குடி மொழி. தொல்குடிகளின்மேல் ஒருகால் ஆளவந்தார் மொழியாய் ஏறிய இசுபானியத்தை அக்குழந்தைகளின் தாய்மொழியெனப் பதிவது இரண்டாவது கொடுமை.

சட்டமோ நிலையாக நிற்கவில்லை. 1968-இல் இருமொழிக் கல்விச் சட்டம் வந்தது, 2002-இல் மறைந்தது. 1998-இல் கலிபோர்னிய மக்கள் ஒப்போலையால் இருமொழிக் கல்வியை ஒடுக்கினர். 2016-இல் அவர்களே அத்தளையை அறுத்தனர். பெரியோர் இவ்வாறு மாறி மாறி ஆணையிட, ஐந்து அகவை மட்டும் ஒருமுறைதான் வருகின்றது.

ஆங்கிலம் கற்பிப்பதை எவரும் தடுக்கவில்லை. உள்ள மொழியின்மேல் அதனைக் கட்டுக; அம்மொழியை இடித்துக் கட்டற்க! தாய்மொழியை வாயிலிலேயே களைந்து வைத்துவிட்டு உள்ளே வரச்சொல்லும் பள்ளி, அக்குழந்தையின் தாயையும் வாயிலிலேயே நிறுத்திவிடுகின்றது.