யார் வருவார்? யார் வர வேண்டும்?

தேர்தல் தேதி அறிவித்த அன்றைக்கே டீக்கடை முதல் கல்லூரி கேன்டீன் வரை ஒரே கேள்விதான். "இந்தத் தடவை யார் வருவா?" யார் வர வேண்டும் என்று கேட்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுகிறவன் கேட்க வேண்டிய கேள்வியை வாக்காளன் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஜெயிக்கிற குதிரை மேல் கட்டினால் காசாவது திரும்பி வரும். ஜெயிக்கிற கட்சிக்குப் போட்டால் என்ன வரும்? அன்று சாயங்காலம் வெடிக்கிற பட்டாசில் பங்கா?

தமிழ்நாட்டில் 1967 முதல் 2021 வரை நடந்த ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலிலும் தி.மு.க., அ.தி.மு.க. இரண்டில் ஒன்றுதான் ஆட்சியைப் பிடித்தது. இரண்டும் நல்லதும் செய்திருக்கின்றன. சத்துணவையும் கிராமத்து ஆஸ்பத்திரியையும் குறை சொல்ல யாருக்கும் மனசு வராது. ஆனால் மக்கள் வேறு வழி தேடவே இல்லையா என்றால், தேடினார்கள். 2006-ல் தே.மு.தி.க. தனியாக நின்று சுமார் 8 சதவீத ஓட்டு வாங்கியது. கிடைத்தது ஒரே ஒரு தொகுதி. அதிக ஓட்டு வாங்கியவரே வெற்றி என்கிற முறையில் இப்படித்தான் ஆகும். 2011-ல் அ.தி.மு.க.வோடு சேர்ந்தது, 29 இடம் கிடைத்தது. மாற்று என்று நம்பியவர்கள் மட்டும் நடுத்தெருவில் நின்றார்கள். 2016-ல் மக்கள் நலக் கூட்டணியோடு சேர்ந்து நின்றபோது ஒரு இடம்கூட வரவில்லை.

இதில் தலைவர்களின் தப்பு நிறைய. தேர்தலுக்குச் சில வாரம் முன்பு கைகோத்துவிட்டு, முடிவு வந்ததும் பிரிந்துபோகிறவர்களை யார் நம்புவார்கள்? ஆனால் வாக்காளரின் தப்பும் இருக்கிறது. "நல்ல ஆளுதான், ஆனா ஜெயிக்க மாட்டாரு. ஓட்டு வீணாப் போயிடும்." ஆயிரம் பேர் தனித்தனியாக இப்படி நினைத்தால் அவர் எப்படி ஜெயிப்பார்? அதே 2016-ல் காட்டுமன்னார்கோயிலில் அந்தக் கூட்டணியின் திருமாவளவன் தோற்றது வெறும் 87 ஓட்டில்! அந்தத் தொகுதியில் நோட்டாவுக்கு விழுந்தது அதைவிட அதிகம். நோட்டா 2013-ல் வந்தபோது பெரிய ஆயுதம் போலப் பேசினார்கள். நோட்டாவே முதலிடம் வந்தாலும் அடுத்து வருகிற வேட்பாளர்தான் எம்.எல்.ஏ. கோபத்தைக் காட்டலாம், ஆளை மாற்ற முடியாது.

சரி, மாற்று என்றால் எப்படிப்பட்ட மாற்று? "எல்லாரும் திருடர்கள், என்னை உட்கார வை, ஒரே நாளில் மாற்றிக் காட்டுகிறேன்" என்று மைக்கைக் கடிப்பவர் மாற்று இல்லை. சாதியை, மதத்தை, பக்கத்து மாநிலத்துக்காரனைக் காட்டி ரத்தத்தைச் சூடேற்றுகிறவரும் மாற்று இல்லை. முடிந்ததைச் சொல்லி, அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்றும் சொல்கிறவர், எதிர்க்கட்சி செய்த நல்லதை நல்லது என்று ஒப்புக்கொள்கிறவர், அவர்தான் நிதானமான மாற்று. அவர் பேச்சுக்கு விசில் பறக்காது. அதனாலேயே அவரை யாரும் கவனிப்பதில்லை.

பணம் எங்கிருந்து வரும் என்பது சின்னக் கேள்வி இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, மாநிலக் கடனைக் குடும்பங்களுக்குப் பங்கு போட்டால் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் என்றது. இலவசம் என்று கைக்கு வருவதெல்லாம் இந்தக் கணக்கில்தான் எழுதப்படுகிறது. பள்ளிப் பிள்ளைக்குச் சோறு போடுவது முதலீடு. ஓட்டுக்காகவே நீட்டுவது தூண்டில். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

தூண்டிலிலேயே மோசமானது கவர். 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணப் பட்டுவாடாவால் தேர்தலையே தள்ளிவைத்தார்கள். 2017-ல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் ரத்தானது. கவரில் 2,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து வருஷத்துக்குப் பங்கு போட்டால் ஒரு நாளைக்கு ஒரு ரூபாய் பத்து காசு. ஒரு டீக்குக் காணாது!

யோசித்து ஓட்டுப் போடுவது கஷ்டமான காரியமும் இல்லை. உச்ச நீதிமன்றத்தின் 2002 தீர்ப்புக்குப் பிறகு ஒவ்வொரு வேட்பாளரும் சொத்து, கடன், படிப்பு, தன் மேல் உள்ள கிரிமினல் வழக்குகள் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலேயே படிக்கலாம். செல்போன் வாங்க பத்து இடத்தில் விசாரிக்கிறவர்கள் இதற்குப் பத்து நிமிஷம் ஒதுக்கக் கூடாதா?

அதைவிட முக்கியம், மாற்றை முதல்வர் நாற்காலியில் தேடாமல் வார்டில் தேடுவது. ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது. ஆளைப் பார்த்துத்தான் போட வேண்டும். ஆனால் 2011-க்குப் பிறகு நகராட்சி, மாநகராட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில்தான். ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலரே இல்லாமல் நகரங்கள் கிடந்தன. எத்தனை பேர் அதைக் கேட்டார்கள்? தெருவில் ஆள் வளராமல் கோட்டைக்கு மட்டும் எங்கிருந்து வருவார்?

ஒருவரைத் தடுத்தே ஆக வேண்டும் என்று நினைத்து இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்றுக்கே போட வேண்டிய நேரமும் வரலாம். தப்பில்லை, அதுவும் யோசித்துப் போட்ட ஓட்டுதான். யோசிக்காமல் போட்டது மட்டுமே வீணான ஓட்டு. அடுத்த முறை யாராவது "யார் வருவா?" என்று கேட்டால், "உங்க தொகுதியில் யார் யார் நிற்கிறாங்க, தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். பதில் வரவில்லை என்றால், அந்தப் பெயர்களைத் தேடிப் படிப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.