சனிக்குப் போனது படம் எடுக்கவா?

ஹைதராபாத் நௌபத் பஹாட் குன்றின் மேல் 1985ஆம் ஆண்டிலிருந்து பிர்லா கோளரங்கம் இருக்கிறது. இந்த நகரத்துப் பிள்ளைகள் பலர் சனிக்கோளின் வளையங்களை முதன்முதலில் பார்ப்பது அதன் குவிமாடத்துக்கு அடியில்தான். வளர்ந்த பிறகு யாரோ ஒரு நண்பரின் மொட்டை மாடித் தொலைநோக்கியில் அசல் சனியையே பார்த்துவிடுகிறார்கள். வியப்பு அடங்கியதும் பலரும் ஒரே கருத்துக்கு வந்து சேர்கிறார்கள். ‘இங்கிருந்தே இவ்வளவு தெரிகிறது. அப்புறம் எதற்குக் கோடி கோடியாகக் கொட்டி விண்கலம்? போனவை கொண்டுவந்தவையெல்லாம் இன்னும் கொஞ்சம் பெரிய படங்கள்தானே? அதிலும் நமக்கு என்ன இருக்கிறது?’

படித்தவர்களும் சொல்லும் வாதம் இது. ஹைதராபாத்தில் இதற்கு மரியாதையான ஒரு பூர்வீகமும் உண்டு. நவாப் ஜாஃபர் ஜங் இங்கிலாந்திலிருந்து 15 அங்குல கிரப் தொலைநோக்கியை வரவழைத்து, 1901இல் சொந்த முயற்சியில் இங்கே ஒரு வானாய்வகம் தொடங்கினார். அவர் மறைந்த பின் நிஜாம் அரசு அதை ஏற்றுக்கொண்டது. பேகம்பேட்டையில் இயங்கிய அந்த நிஜாமியா வானாய்வகம், பல நாடுகள் கூடிச் செய்த விண்மீன் பட்டியல் பணியில் தனக்கு ஒதுக்கப்பட்ட வான்பகுதிகளைப் படமெடுத்து, லட்சக்கணக்கான விண்மீன்களின் இடங்களைக் கணித்துத் தந்தது. அங்கே வேலை பார்த்த ஒரு வானியலாளரின் மகன்தான் வேணு பாப்பு. நிஜாம் கல்லூரியில் படித்து, ஹைதராபாத் அரசின் உதவித்தொகையில் ஹார்வர்டு போய், பிற்காலத்தில் தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை எழுப்பியவர். இப்படியொரு ஊரில் தொலைநோக்கியை யாரும் குறைத்துப் பேச முடியாது.

குறைத்துப் பேச வேண்டிய தேவையும் இல்லை. சனியின் வளையம் ஒற்றைத் திடத் தகடாக இருக்க முடியாது, எண்ணற்ற துணுக்குகளின் கூட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்று 1850களிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார் மேக்ஸ்வெல். 1895இல் ஜேம்ஸ் கீலர் நிறமாலையை ஆராய்ந்து, வளையத்தின் உட்பகுதி வெளிப்பகுதியைவிட வேகமாகச் சுற்றுவதைக் கண்டு அதை உறுதிசெய்தார். இரண்டும் தரையில் நடந்தவை. முதல் விண்கலமான பயோனியர் 11 சனியை நெருங்கியது 1979இல். வாதத்தின் இந்தப் பகுதி சரிதான். மற்றவைதான் சிக்கல்.

தொலைநோக்கியைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் போதும் என்பது முதல் சிக்கல். எவ்வளவு பெரிய கண்ணாடி வைத்தாலும் பூமி இருக்கும் இடம் மாறாது. சனியிலிருந்து பார்த்தால் நம் பூமி சூரியனை விட்டு ஏறக்குறைய 6 பாகைக்கு மேல் விலகுவதே இல்லை. அதனால் நமக்கு எப்போதும் சனியின் வெயில் விழும் முகமே தெரியும். பின்னாலிருந்து ஒளி வரும்போது மட்டும் மினுங்கும் மெல்லிய தூசி வளையங்கள் இங்கிருந்து பார்ப்பவருக்கு எளிதில் அகப்படாது. 2006 செப்டம்பரில் காசினி விண்கலம் சனியின் நிழலுக்குள் மணிக்கணக்கில் நின்றுகொண்டு திரும்பிப் பார்த்தது. அதுவரை அறியாத மங்கலான வளையங்கள் அப்போது வெளிப்பட்டன. இங்கே கேமராவின் திறனைவிட அது நின்ற இடம்தான் முக்கியம்.

தூரத்திலிருந்து ஊகிப்பது எவ்வளவு வழுக்கலானது என்பதற்குக் காவலூரே நல்ல சாட்சி. வியாழனின் நிலவான கானிமீட் 1972 ஜூனில் ஒரு விண்மீனை மறைத்தது. காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் அதைப் பதிவுசெய்தவர்கள், கானிமீடுக்குக் குறிப்பிடத்தக்க வளிமண்டலம் இருப்பதாக முடிவுகட்டினார்கள். 1979இல் அருகே போன வாயேஜர் 1 அளந்தபோது, அவ்வளவு காற்று அங்கே இல்லை என்று தெரிந்தது. அடுத்த கதை இன்னும் சுவையானது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப்போவதைக் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் கவனித்துக்கொண்டிருந்தனர். கோள் வந்து மறைப்பதற்கு முன்பே விண்மீன் சில விநாடிகள் மங்கி மீண்டது. புதிதாக ஒரு துணைக்கோள் குறுக்கிட்டது என்றே அவர்கள் முதலில் கருதி எழுதினார்கள். உண்மையில் அது யுரேனஸின் வளையம். பறக்கும் வானாய்வகம் ஒன்றிலிருந்து அதே மறைப்பைப் பதிவுசெய்த அமெரிக்கக் குழுவின் அளவீடுகளோடு சேர்த்துப் பார்த்தபோது அது விளங்கியது. 1986இல் வாயேஜர் 2 நேரில் போய்ப் பார்த்தது. காவலூர்க்காரர்களின் திறமைக்கு இதனால் குறைவேதும் இல்லை. கையில் கிடைத்தது ஒரே ஒரு ஒளிச்சரிவு என்றால், அதற்கு மேல் யாராலும் என்ன சொல்ல முடியும்?

‘வெறும் படங்கள்’ என்ற குற்றச்சாட்டுதான் உண்மைக்கு மிகத் தொலைவில் நிற்கிறது.

என்செலடஸ் என்ற சிறு நிலவை எடுத்துக்கொள்ளலாம். விட்டம் ஏறத்தாழ 500 கிலோமீட்டர், சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் இடையிலான வான்தூரத்தைப் போல. 2005 தொடக்கத்தில் காசினி அதன் அருகே போனபோது முதலில் துப்புக் கொடுத்தது கேமரா அல்ல, காந்தமானி. சனியின் காந்தப்புலம் அந்த நிலவைச் சுற்றி ஏதோ தடுப்பது போல வளைந்திருந்தது. இன்னும் நெருங்கிப் போக வேண்டும் என்று மிஷேல் டோஹர்ட்டி தலைமையிலான காந்தமானிக் குழு வற்புறுத்தியது. அதே ஆண்டு ஜூலையில் 173 கிலோமீட்டர் உயரத்தில் கடந்தபோது, தென்துருவம் வெதுவெதுப்பாக இருப்பதும் அங்கிருந்து நீராவி கிளம்புவதும் தெரிந்தன. பனிப் பீச்சல்களின் புகழ்பெற்ற படங்கள் பிறகுதான் வந்தன. அந்தப் பீச்சலுக்குள்ளேயே புகுந்து போன காசினியின் நிறை நிறமாலைமானி ஹைட்ரஜன் வாயுவைக் கண்டது. தூசிப் பகுப்பாய்வி பிடித்த பனித்துகள்களின் தரவில் பாஸ்பேட் இருப்பது 2023இல், அதாவது விண்கலம் அழிந்து ஆறு ஆண்டுகள் கழித்து வெளியானது. உறைந்த மேலோட்டுக்கு அடியில் உப்பு நீர்க் கடல், உயிருக்கு வேண்டிய வேதிப்பொருள்கள் என்ற இந்தக் கதையைக் கண்ணால் பார்த்து யாரும் சொல்லவில்லை. கருவி முகர்ந்தும் சுவைத்தும் அறிந்தது.

வளையங்களின் எடையும் அப்படித்தான். குழந்தையை இடுப்பில் வைத்தபடி எடைமேடையில் ஏறும் தாயைப் போல, சனியும் வளையமும் சேர்ந்தே இழுத்துக்கொண்டிருந்தன. வெளியே சுற்றும்வரை இரண்டின் ஈர்ப்பையும் பிரித்தறிவது கடினம். 2017இல் காசினி தன் கடைசி மாதங்களில் கோளுக்கும் வளையத்துக்கும் இடையிலிருந்த சந்தில் 22 முறை பாய்ந்தது. அப்போது அதன் வேகத்தில் ஏற்பட்ட நுண்ணிய மாற்றங்கள் வானொலி அலைகளில் பதிவாயின. அதிலிருந்து கிடைத்த விடை: வளையங்களின் மொத்த நிறை மீமாஸ் என்ற சின்ன நிலவில் ஐந்தில் இரண்டு பங்குதான்.

காவலூர் உத்தியே மாறுவேடத்தில் சனிக்குப் போன கதையும் உண்டு. வளையங்களுக்குப் பின்னால் விண்மீன்கள் மறைந்து மறைந்து மினுங்குவதைக் காசினி திரும்பத் திரும்ப அளந்தது. அந்தப் பதிவுகளில் உள்வளையத்தில் நுண்ணிய அலைகள் தென்பட்டன. சனியின் உடல் அதிர்வதால் எழும் அலைகள் அவை. நில அதிர்வைக் கொண்டு பூமியின் உள்ளே பார்ப்பது போல, வளைய அலைகளைக் கொண்டு சனியின் உள்ளே பார்த்தார்கள். பாடப்புத்தகம் வரைந்து காட்டும் கெட்டியான பாறை உருண்டை அங்கே இல்லை. கோளின் ஆரத்தில் 60 விழுக்காடு வரை பரவி, படிப்படியாகக் கரைந்து போகும் ஒரு கலங்கிய கருவே இருக்கிறது. சனியின் ஒருநாள் 10 மணி 33 நிமிடம் 38 விநாடி என்ற கணக்கும் இந்த அலைகளிலிருந்தே கிடைத்தது. தரையில் பிறந்த முறை, அங்கே போன கருவி. இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவதே தவறு.

‘அதான் காசினி எல்லாவற்றையும் சொல்லிவிட்டதே, இனி என்ன?’ என்று எதிர்த்திசையிலிருந்து வருபவர்களும் இருக்கிறார்கள். இல்லை. வளையத்தின் எடை குறைவு, அது தூசி படியாமல் வெளுப்பாகவும் இருக்கிறது, ஆகவே அதன் வயது சில கோடி ஆண்டுகள்தான் என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. மோதும் விண்தூசி ஆவியாகிப் போவதால் பழைய வளையமும் சுத்தமாகவே தோன்றும் என்று 2024 இறுதியில் வந்த ஓர் ஆய்வு மறுத்தது. சனியின் காந்த அச்சும் சுழல் அச்சும் ஒரு பாகையில் நூறில் ஒரு பங்குகூட விலகாமல் ஒட்டியிருப்பது இன்னொரு தலைவலி. அவ்வளவு சீரான புலம் கோளுக்குள் தானாக நீடிக்க முடியாது என்கிறது பழைய கோட்பாடு ஒன்று.

செலவுக்கு வருவோம். காசினி திட்டத்துக்கு 300 கோடி டாலருக்கும் மேல் ஆனது. பெரிய தொகை, மறுப்பதற்கில்லை. ஆனால் 1997இல் ஏவப்பட்டு 2017 வரை ஓடிய திட்டம் அது. நாசாவோடு ஐரோப்பிய, இத்தாலிய விண்வெளி நிறுவனங்களும் சேர்ந்து தோள்கொடுத்தன. இந்தியா நாளையே சனிக்குப் போகும் என்று சொல்ல முடியாது என்பதும் உண்மை. அங்கே கிடைக்கும் வெயில் நமக்குக் கிடைப்பதில் தொண்ணூறில் ஒரு பங்கு. சூரியத் தகடுகளை நம்பாமல் காசினி புளூட்டோனிய வெப்பத்தில் மின்சாரம் எடுத்தது. இந்தியா அந்தத் திசையில் எடுத்திருப்பது முதல் அடி: சந்திரயான் 3இன் உந்துகலத்தில் வைத்த இரண்டு சிறிய கதிரியக்க வெப்பமூட்டிகள்.

ஆனால் ‘நமக்கு என்ன இருக்கிறது’ என்பதற்கு நம் ஏவூர்தி புறப்படும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. காசினியின் தரவுகள் முழுவதும் பொதுக் காப்பகத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. உஸ்மானியா பல்கலைக்கழக மாணவரும் மதுரைக் கல்லூரி மாணவியும் இறக்கிப் பார்க்கலாம். பாஸ்பேட் கண்டுபிடிப்பே பழைய தரவைப் புதிதாகப் படித்ததில் வந்ததுதான்.

சனியின் பெரிய நிலவான டைட்டனுக்கு 2028இல் ‘டிராகன்ஃபிளை’ என்ற பறக்கும் ஆய்வூர்தியை ஏவ நாசா திட்டமிட்டிருக்கிறது. அதன் அறிவியல் கருவித் தொகுதிகள் நான்கு: மண்ணைத் துளைத்தெடுத்துப் பகுக்கும் நிறை நிறமாலைமானி, தரையின் தனிமங்களை அறியும் காமா கதிர் - நியூட்ரான் கருவி, வானிலையும் நில அதிர்வும் அளக்கும் தொகுதி. நான்காவதாகத்தான் கேமரா.