மானிட்டருக்கும் ஒரு நோட்டு

முழுதாகச் செத்துப்போன மானிட்டரைச் சரி செய்வது சுலபம். விட்டு விட்டு அணைகிறதே, அதுதான் ஆளைப் படுத்தும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே பளிச்சென்று எரியும். வீட்டுக்கு வந்ததும் பழைய கதை. "பழசு சார், இதுல செலவு பண்ணாதீங்க, புதுசு வாங்கிக்குங்க" என்பார்கள். இது பழுதைக் கண்டுபிடித்துச் சொல்கிற பதிலே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

நம் வயதுக்காரர் பலர் வீட்டில் பத்துப் பதினைந்து வருஷத்து எல்சிடி மானிட்டர் இன்னும் இருக்கிறது. அதைக் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் நாலு நாள் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள்: எத்தனை மணிக்குப் போட்டோம், எவ்வளவு நேரத்தில் அணைந்தது, அப்போது பவர் விளக்கு எப்படி இருந்தது. ஆபீசில் ஃபைலுக்கு நோட் எழுதிப் பழகியவர்களுக்கு இது பெரிய வேலையா?

விளக்கு நிறம் மாறியோ விட்டு விட்டோ எரிந்து, படம் மட்டும் போனால் முதலில் கம்ப்யூட்டரையும் அதிலிருந்து வரும் கேபிளையும் பாருங்கள். விளக்கு வழக்கம்போல் எரிந்து திரை இருண்டால், டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் பின்விளக்கில்தான் கோளாறு. விளக்கே அணைந்துவிட்டால் கரண்ட் பக்கம். அப்போதும் முதலில் வேறு பிளக், வேறு கார்டு. டெஸ்க்டாப் சிபியுவின் கார்டே பெரும்பாலும் இதற்கும் பொருந்தும்.

அதுவும் சரியாக இருந்தால் நோட்டைப் புரட்டுங்கள். காலையில் போட்டதும் எரிய மறுத்து, கொஞ்ச நேரம் போராடி, சூடானபின் ஒழுங்காக ஓடினால் கெப்பாசிட்டர் மேல் சந்தேகம். நன்றாக ஓடி அரை மணியில் அணைந்தாலோ, பக்கத்தில் தட்டினால் உயிர் வந்தாலோ டிரை சோல்டராக இருக்கலாம்.

கெப்பாசிட்டருக்கு ஆயுள் உண்டு. 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று போட்டிருந்தால், சூடு பத்து டிகிரி குறையக் குறைய ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். 65 டிகிரியில் 32,000 மணி நேரம். தினம் எட்டு மணி நேரம் ஓட்டினால் பதினோரு வருஷம். நம் ஊர் வெயிலில், காற்றுப் புகாத மூலையில் வைத்தால் அதுவும் கிடைக்காது. 2000-க்குப் பின் சில வருஷங்களில் வந்த மட்டமான கெப்பாசிட்டர்கள் உலகம் முழுவதும் சீக்கிரமே உப்பி ஒழுகின. சாமான் விலை சில ரூபாய்தான். ஆனால் நீங்களே பின்மூடியைக் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும்.

பிரான்சில் 2021 ஜனவரியில், லேப்டாப், டிவி, வாஷிங் மெஷின் போன்ற சில சாமான்களைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு, வாங்குகிறவர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்று விதி வந்தது. கழற்ற முடிகிறதா, உதிரி பாகம் கிடைக்கிறதா, என்ன விலை என்பதெல்லாம் அதில் கணக்கு. மானிட்டர் அந்த முதல் பட்டியலில் இல்லை, அது வேறு விஷயம். நம் நாட்டில் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளில் பெரும்பகுதி, சாமான் கழிவான பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் பேசுகிறது. எனக்கு அந்தப் பத்து மதிப்பெண் முறைதான் பிடித்திருக்கிறது.

ஆனாலும் கடைக்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். "பார்த்துச் சொல்றதுக்கே காசா?" என்று நாம் கேட்கிறோம். விட்டு விட்டு வரும் பழுதைப் பிடிக்க அவர் அரை நாள் அதை ஓடவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த அரை நாளுக்கு யார் கூலி கொடுப்பது? அதனால்தான் புதுசு வாங்கச் சொல்கிறார். பார்க்கும் கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள். நீங்கள் எழுதிய தாளை மானிட்டரின் முதுகில் ஒட்டிக் கொடுங்கள். கெப்பாசிட்டர் மாற்றினால் பழையதைத் திருப்பிக் கேளுங்கள். பல சமயம் அதன் தலை உப்பியிருப்பது கண்ணாடி போடாமலே தெரியும்.