கப்பல் எழுந்தது, நீதி எழுந்ததா?

யுத்தக் கப்பல் ஒன்றின் சரித்திரத்தை எழுதுவோர், அதன் பீரங்கிகளின் அளவையும், அது அழித்த எதிரிக் கப்பல்களின் தொகையையும், அது பெற்ற விருதுகளையும் வரிசையாகச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அவ்வளவும் உண்மையே ஆயினும் அது பாதிக் கதைதான். ஆயிரம் பேருக்கு மேல் வசிக்கும் ஒரு கப்பலில், அதை அனுப்பிய தேசத்தின் வாழ்க்கை முறை முழுவதும் உடன் சென்றுவிடுகிறது. அங்கே பீரங்கியைப் பிடிப்பவர் யார், சாப்பாடு பரிமாறுபவர் யார், இந்த வேறுபாட்டை விதித்தது எது என்று விசாரித்தால் அத்தேசத்தின் உள் நிலைமை விளங்கிவிடும். இரண்டாவது உலக மகாயுத்தத்தில் பஸிபிக் மகாசமுத்திரத்தில் போரிட்ட 'வெஸ்ட் வர்ஜீனியா' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் வரலாற்றை இந்த நோக்குடன் படிப்பது அவசியமென்று நாம் கருதுகிறோம். சுதந்திரத்தின் பேரால் ஆயுதம் எடுக்கும் எந்தத் தேசத்துக்கும் அதில் படிப்பினை உண்டு.

1923-ம் வருஷம் டிசம்பர் மாதம் சேவையில் சேர்ந்த இக்கப்பல், 16 அங்குல வாயுள்ள எட்டுப் பெரும் பீரங்கிகளைத் தாங்கியது. அக்காலத்தில் உலகில் இதற்கு ஈடான கப்பல்கள் மிகச் சிலவே. 1941-ம் வருஷம் டிசம்பர் 7-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, ஹவாய்த் தீவுகளில் பேர்ல் துறைமுகத்தில் அது நங்கூரமிட்டு நின்றபோது ஜப்பானிய விமானங்கள் வந்து தாக்கின. 'டென்னஸி' என்ற கப்பலுக்கு வெளிப்புறமாகக் கட்டப்பட்டிருந்ததால், டார்பீடோக்களின் முழு வேகமும் வெஸ்ட் வர்ஜீனியாவின் இடது விலாவைப் பிளந்தது. இளம் அதிகாரி ஒருவரின் சமயோசித புத்தியால் மறுபக்கத்து அறைகளில் நீரை நிரப்பினார்கள். அதனால் கப்பல் கவிழாமல் நிமிர்ந்தபடியே துறைமுகத்தின் அடிச் சேற்றில் அமர்ந்தது. அருகில் நின்ற 'ஓக்லஹோமா' கவிழ்ந்து 429 பேர் மாண்டதை நினைத்தால் அச்செயலின் பெருமை தெரியும். வெஸ்ட் வர்ஜீனியாவில் 106 பேர் இறந்தனர். தலைவரான காப்டன் பெனியன் மேல்தளத்தில் சிதறிய குண்டுத் துண்டு பாய்ந்து உயிர் துறந்தார்.

இனிச் சொல்லப்போவதைக் கவனிக்க வேண்டும். மடிந்துகொண்டிருந்த தலைவரைப் பத்திரமான இடத்துக்குத் தூக்கிச் செல்ல உதவியவர்களில் டோரிஸ் மில்லர் என்ற 22 வயது இளைஞரும் ஒருவர். டெக்ஸஸ் மாகாணத்தில் வாரத்துக்கு உழும் ஏழைக் குடியானவரின் மகன், கறுப்பு இனத்தவர், கப்பலின் குத்துச்சண்டை வீரர்களில் முதன்மையானவர். இவ்வளவு உடல்வலியும் துணிவும் உடைய அவருக்கு அமெரிக்கக் கப்பற்படை அளித்த உத்தியோகம் என்ன? சாப்பாட்டு அறைச் சிப்பந்தி! தாக்குதல் துவங்கியபொழுது அவர் அதிகாரிகளின் துணிகளைச் சலவைக்காகச் சேகரித்துக்கொண்டிருந்தார்.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. முதல் மகாயுத்தத்துக்குப் பின் பல வருஷங்கள் கறுப்பர்களைப் படையில் சேர்ப்பதையே நிறுத்திவைத்த அமெரிக்கக் கப்பற்படை, 1932-ல் மீண்டும் கதவைத் திறந்தபோது சமையற்கட்டின் கதவை மட்டுமே திறந்தது. பரிமாறலாம், படுக்கை விரிக்கலாம், செருப்புத் துடைக்கலாம். பீரங்கிப் பயிற்சி கிடையாது. யுத்த வேளையில் வெடிமருந்தைச் சுமந்து கொடுக்கலாம். அதைச் சுடும் உரிமை இல்லை.

அன்று காலை தலைவருக்கு உதவிய பின், ஆளின்றிக் கிடந்த விமான எதிர்ப்பு யந்திரத் துப்பாக்கி ஒன்றின் பின்னால் மில்லர் நின்றார். அதை இயக்க அவருக்கு ஒருவரும் கற்றுக் கொடுத்ததில்லை. பிறர் இயக்கியதைப் பார்த்திருந்தார், அவ்வளவே. குண்டுகள் தீரும் வரையில் சுட்டார். அதன் பின் எண்ணெயும் நீரும் கலந்து நின்ற தளத்தில் காயமுற்றோரை இழுத்துக் கரை சேர்க்க உதவினார். அவர் எத்தனை விமானங்களை வீழ்த்தினார் என்று இன்று வரையில் சர்ச்சை செய்வோர் உண்டு. அந்தக் கணக்கு நமக்கு முக்கியமன்று. எந்த வேலைக்கு இவர் தகுதியற்றவர் என்று ஒரு சர்க்கார் விதி எழுதி வைத்திருந்ததோ, அந்த வேலையை அவர் அந்தச் சர்க்காரின் கப்பல் எரிந்துகொண்டிருக்கையில் செய்து காட்டினார் என்பதே முக்கியம்.

அமெரிக்கர்களின் கைத்திறமைக்கு நாம் வஞ்சனையின்றிப் புகழ் சொல்ல வேண்டும். மூழ்கிய கப்பலை விதிவசமென்று அவர்கள் விட்டுவிடவில்லை. கிழிந்த விலாவின் மீது பெருந் தடுப்புகளைப் பொருத்தி, நீருக்கடியில் காங்கிரீட் ஊற்றி அடைத்து, உள்ளிருந்த நீரை இறைத்து, 1942-ம் வருஷம் மே 17-ந் தேதி கப்பலை மிதக்கச் செய்தார்கள். மூழ்கி ஆறு மாதங்கூட ஆகவில்லை! முப்பதினாயிரம் டன்னுக்கு மேற்பட்ட இரும்பைச் சேற்றினின்று எடுப்பது விளையாட்டன்று. நீர் வடிந்த பின் உள்ளே சென்றவர்கள் கண்ட காட்சி கல்லையும் கரைக்கும். காற்றுப் புகாத ஓர் அறையில் மூன்று மாலுமிகளின் உடல்கள் கிடந்தன. சுவரில் இருந்த நாட்காட்டியில் டிசம்பர் 23-ந் தேதி வரையில் அடையாளமிடப்பட்டிருந்தது. மீட்பாரின்றி இருளில் பதினாறு நாட்கள் அவர்கள் உயிரோடு இருந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் பூஜெட் சவுண்ட் கப்பல் தளத்தில் வெஸ்ட் வர்ஜீனியா அநேகமாகப் புதிய கப்பலாகவே மாற்றிக் கட்டப்பட்டு, 1944-ல் யுத்தகளத்துக்குத் திரும்பியது. அவ்வருஷம் அக்டோபர் 25-ந் தேதி விடியுமுன், பிலிப்பைன்ஸ் தீவுகளின் நடுவே சுரிகாவ் ஜலசந்தியில் ஜப்பானியத் தளபதி நிஷிமுராவின் கப்பல்கள் வந்தன. வழியை மறித்து நின்ற ஆறு அமெரிக்கப் போர்க்கப்பல்களில் ஐந்து, பேர்ல் துறைமுகத்தில் தாக்குண்டவை. அமெரிக்க நாசகாரிக் கப்பல்கள் முதலில் டார்பீடோக்களால் எதிரியின் அணியைச் சிதைத்தன. பின்னர், ரேடார் யந்திரத்தின் உதவியால் இருளிலேயே குறி பார்த்து, சுமார் 13 மைல் தூரத்திலிருந்து வெஸ்ட் வர்ஜீனியா போர்க்கப்பல்களுள் முதலாவதாகச் சுடத் தொடங்கியது. 93 பெருங்குண்டுகளை அது சுட்டது. 'யாமாஷிரோ' என்ற ஜப்பானியப் போர்க்கப்பல் தளபதியோடும் பெரும்பாலான மாலுமிகளோடும் மூழ்கியது. போர்க்கப்பலும் போர்க்கப்பலும் பீரங்கி கொண்டு பொருத சண்டைகளில் உலகம் கண்ட கடைசிச் சண்டை அதுவே.

அதற்குப் பின் லிங்காயன், இவோ ஜீமா, ஒகினாவா ஆகிய இடங்களில் அக்கப்பல் போரிட்டது. ஒகினாவாவில் 1945-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி தற்கொலை விமானம் ஒன்று அதன்மீது மோதி நால்வரைக் கொன்றது. அப்படியும் அது களத்தை விட்டு அகலவில்லை. செப்டம்பர் 2-ந் தேதி டோக்கியோ விரிகுடாவில் ஜப்பான் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டபோது, முதல் நாள் மூழ்கிய அந்தக் கப்பலும் அங்கே நின்றது.

இவ்வளவு கீர்த்தி பெற்ற கப்பலில் வீரங்காட்டிய சிப்பந்திக்கு என்ன நேர்ந்தது? தாக்குதலுக்குப் பிறகு வெளியான பாராட்டுச் செய்திகளில் அவர் பெயரற்ற ஒரு கறுப்புச் சிப்பந்தியாகவே குறிக்கப்பட்டார். 'பிட்ஸ்பர்க் கூரியர்' போன்ற கறுப்பர் பத்திரிகைகள் விடாது கேட்ட பின்னர், 1942 மார்ச்சில் பெயர் வெளிவந்தது. நாட்டின் தலையாய விருதை அவருக்கு அளிக்க வேண்டுமென்று அமெரிக்கக் காங்கிரஸில் மசோதாக்கள் வந்தன. கப்பற்படை மந்திரி நாக்ஸ் அதற்கு இணங்கவில்லை. அதற்குக் கீழ்ப்பட்ட 'நேவி கிராஸ்' பதக்கத்தை மே 27-ந் தேதி அட்மிரல் நிமிட்ஸ் அவர் மார்பில் அணிவித்தார். அப்பதக்கம் பெற்ற முதல் கறுப்பர் அவரே. 1943-ல் அவருடைய முகத்தைச் சுவரொட்டிகளில் அச்சடித்துக் கப்பற்படை விளம்பரம் செய்தது. முகம் சுவரில் வீரனாக விளங்கியது. ஆள் சமையற்கட்டிலேயே இருந்தார். அவ்வருஷம் நவம்பர் 24-ந் தேதி, கில்பர்ட் தீவுகளுக்கு அருகே 'லிஸ்கம் பே' என்ற விமானந் தாங்கிக் கப்பல் ஜப்பானிய டார்பீடோவால் வெடித்து மூழ்கியபோது அதில் சமையற்காரராக இருந்த மில்லரும் மாண்டார்.

அவர் பிறந்த டெக்ஸஸில், அதிகாரத்தை உண்மையில் நிர்ணயித்த டெமாக்ரடிக் கட்சியின் முதல்நிலைத் தேர்தலில் கறுப்பர்கள் வாக்களிக்கக் கூடாதென்று தடை இருந்தது. அமெரிக்கப் பிரதம நீதி ஸ்தலம் அத்தடையை ரத்து செய்த நாள் 1944 ஏப்ரல் 3. மில்லர் கடலில் மறைந்து அப்பொழுது நான்கு மாதங்கள் கடந்துவிட்டன!

இதற்குச் சமாதானம் சொல்வோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். வீடு பற்றி எரிகையில் உள்வீட்டு வழக்குகளைப் பேசலாகாது. முதலில் எதிரியை வெல்வோம், நியாயத்தைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு விவேகமாகத் தோன்றும் இவ்வாதம் ஆராய்ந்தால் நில்லாது. தீயணைக்க ஆள் தேவைப்படும் சமயத்தில் பாதிப் பேரின் கையைக் கட்டி வைத்திருந்தது எது? அந்த அநீதிதானே! மில்லர் பயிற்சியின்றித் துப்பாக்கி பிடித்தார் என்று வியப்பவர்கள், அவருக்கு ஏன் பயிற்சியில்லை என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். வேற்றுமையால் ஒடுக்கப்பட்டவருக்கு மாத்திரம் நஷ்டம் என்பதில்லை. ஒடுக்கும் தேசத்தின் பாதுகாப்புக்கும் அது துவாரம்.

கறுப்பர் பத்திரிகைகள் இதைத் தெளிவாக உணர்ந்திருந்தன. வெளியே கொடுங்கோன்மையையும் உள்ளே இன வேற்றுமையையும் ஒருங்கே வெல்ல வேண்டுமென்று, 'இரட்டை வெற்றி' என்ற இயக்கத்தைக் கூரியர் பத்திரிகை 1942 பிப்ரவரியில் துவக்கியது. அவ்வருஷம் ஜூலை 1-ந் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் காந்திஜியும் இந்தப் பொருளையே தொட்டார். இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் பிரிட்டன் சுரண்டும் வரையில், அமெரிக்கா தன் சொந்த வீட்டில் கறுப்பர் பிரச்சினையை வைத்திருக்கும் வரையில், ஜனநாயகத்துக்காகப் போரிடுகிறோம் என்ற பேச்சு உள்ளீடற்று ஒலிக்கும் என்பது அவர் கருத்து. அட்லாண்டிக் சாஸனம் இந்தியாவைக் குறித்ததன்று என்று சர்ச்சில் கைவிரித்த அடுத்த வருஷம் அது.

இதனால் ஜப்பானிய ஏகாதிபத்தியத்துக்கு நாம் பரிந்து பேசுவதாக எவரும் எண்ண வேண்டாம். ஆசியா ஆசியருக்கே என்று முழங்கிக்கொண்டே கொரியாவையும் சீனத்தையும் மிதித்தவர்களின் வார்த்தைக்கும் செயலுக்கும் இருந்த தூரம் இன்னும் பெரிது. அவர்களை முறியடித்தது உலகத்துக்கு நன்மையே. ஆனால் எதிரியின் குற்றம் நம் குற்றத்துக்குக் கழுவாயாகாது.

மில்லரின் பெயர் வெளியானதற்கு அடுத்த மாதம், ஜூன் முதல் கறுப்பர்களைப் பொதுப் பணிகளிலும் சேர்த்துக்கொள்வதாகக் கப்பற்படை அறிவித்தது. அப்பொழுதும் அவர்களைக் கரையிலும் துறைமுகப் படகுகளிலுமே நிறுத்தியது. 1944-ல்தான் முதல் கறுப்பு அதிகாரிகள் நியமனம் பெற்றனர். படைகளில் இன வேற்றுமை கூடாதென்று ஜனாதிபதி ட்ரூமன் உத்தரவிட்டது 1948 ஜூலை 26-ந் தேதி. அந்த மகாயுத்தத்தில் கறுப்பர் ஒருவருக்குக்கூட அளிக்கப்படாத தலையாய விருது, ராணுவத்தைச் சேர்ந்த எழுவருக்கு 1997-ல் அளிக்கப்பட்டது. அதை உயிரோடு பெற்றவர் ஒருவரே. 2020 ஜனவரியில், கட்டப்படவிருந்த மாபெரும் விமானந் தாங்கிக் கப்பலுக்கு டோரிஸ் மில்லரின் பெயரைச் சூட்டுவதாக அறிவித்தார்கள். ஜனாதிபதிகளுக்கும் தளபதிகளுக்கும் கிடைத்துவந்த அந்த மரியாதை சாதாரண மாலுமி ஒருவருக்குக் கிடைத்தது அதுவே முதல் தடவை.

இக்காலக் கணக்கை வாசகர்கள் சீர்தூக்கிப் பார்க்கட்டும். கப்பலைச் சேற்றினின்று எடுக்க ஐந்து மாதங்களும் சில நாட்களும் போதுமாயிருந்தன. அதே கப்பலின் சிப்பந்திக்கு உரிய கௌரவம் முழுமையாக வர எழுபத்தெட்டு வருஷங்கள் ஆயின. முன்னதற்குப் பணமும், யந்திரமும், நிபுணர்களும், எல்லாவற்றினும் மேலாக, தாமதிக்கலாகாது என்ற உறுதியும் இருந்தன. பின்னதற்கு அந்த உறுதி ஒன்றுதான் குறைந்தது. முடியாது என்று சொல்லப்படும் சீர்திருத்தங்களில் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவையே.

வெஸ்ட் வர்ஜீனியா 1959-ல் பழைய இரும்பாக விற்கப்பட்டது. அதன் பாய்மரத் தூண் மட்டும் அம்மாகாணத்துச் சர்வகலாசாலையில் நினைவுச் சின்னமாக நாட்டப்பட்டது. பீரங்கிகள் போய்விட்டன, அவற்றைச் சுட்டவர்களும் போய்விட்டனர். அது விட்டுச் சென்ற கேள்வி மாத்திரம் இருக்கிறது. ஆபத்து வந்தபோது யாருடைய மார்பைக் கேடயமாகக் கொள்ள ஒரு தேசம் கூசவில்லையோ, அவரை அமைதிக் காலத்தில் சரிசமமாக உட்கார வைக்க அது ஏன் கூச வேண்டும்? அந்தக் கேள்விக்கு விடை சொல்லாத வரையில், எத்தனை கப்பல்களை மூழ்கடித்தாலும், எத்தனை சரணாகதிப் பத்திரங்களில் கையெழுத்து வாங்கினாலும், எந்த நாட்டின் வெற்றியும் பாதி வெற்றியே.