வெடிச் சத்தமும் எங்கள் மணியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. எங்கள் தெருவில் இப்போதே வெடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டு நாய் மணி, சிப்பிப்பாறைக் கலப்பு. ஏழு வயது. அந்நியர் யார் வந்தாலும் வாசலில் நின்று அதட்டுகிறவன், ஒரு சரம் வெடித்தால் வாலை இடுக்கிக்கொண்டு வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒண்டிவிடுகிறான். விலாவில் கை வைத்தால் நெஞ்சு படபடப்பது தெரிகிறது. எச்சில் நூலாக வடிகிறது. வைத்த சோறு அப்படியே கிடக்கிறது.

போன வருடம் கேட் திறந்த ஒரு நொடியில் ஓடிவிட்டான். மறுநாள் மாலை கண்மாய்க் கரையில், பாதம் கிழிந்த நிலையில் கிடைத்தான். கழுத்துப் பட்டையில் எங்கள் போன் நம்பர் எழுதியிருந்ததால்தான் ஒரு புண்ணியவான் கூப்பிட்டுச் சொன்னார்.

நாய் வளர்ப்பவர்கள் தீபாவளியன்று வெளிச்சம் இருக்கும்போதே நடைக்குக் கூட்டிப்போய் வந்துவிடுங்கள். சங்கிலியில் கட்டிப்போடாதீர்கள், பயத்தில் இழுத்துக் கழுத்து இறுகும். உள் அறையில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் டிவியையும் ஓடவிட்டு, உங்கள் பழைய புடவை ஒன்றை விரித்து வையுங்கள். நாம் போடும் தூக்க மாத்திரையைத் தயவுசெய்து கொடுக்க வேண்டாம். கால்நடை மருத்துவரை முன்கூட்டியே பாருங்கள்.

2018 தீபாவளிக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று வெடி வெடிக்க அரசு நேரம் குறித்தது. அந்த இரண்டு மணி நேரத்தோடு நிறுத்தினாலே போதும். மணிக்காவது ஓர் அறை இருக்கிறது, தெருநாய்களுக்கு அதுவும் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி, விருதுநகர்