எத்தனை பேர் பார்த்தார்கள்?

என் தம்பி தரம் 9இல் படிக்கிறான். சென்ற டிசம்பர் விடுமுறையில் யூடியூபில் ஓர் அலைவரிசை தொடங்கினான். மைன்கிராப்ட் விளையாட்டில் மறைந்திருக்கும் கதவொன்றை எவ்வாறு அமைப்பது என்பதே அவனது முதற் காணொளி. அந்த விளையாட்டில் ரெட்ஸ்டோன் என்றொரு செந்தூள் உண்டு. மின்கம்பியைப் போல அது சமிக்ஞையைக் கடத்தும். ஆனால் 15 கட்டங்களைத் தாண்டினால் சமிக்ஞை அற்றுப்போகும். அதற்குள் இடையில் ரிப்பீட்டர் ஒன்றை வைக்க வேண்டும். வைத்தால் என்ன நடக்கும், வைக்காவிட்டால் என்ன நடக்கும் என்று இரண்டையும் செய்து காட்டியிருந்தான். வாப்பாவின் பழைய மடிக்கணினியில், ஒலிப்பதிவில் சத்தம் விழக்கூடாதென்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க மூன்று இரவுகள் உழைத்தான்.

முடித்ததும் என்னிடம்தான் முதலில் ஓடி வந்தான். நான் அந்தக் கதவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"எத்தின பேர் பாத்திருக்காங்க?" என்றேன்.

"நாப்பத்தொரு பேர், ராத்தா" என்றான். அவனது முகம் வாடியது. அந்த வாட்டத்துக்கு நானே காரணம் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவன் மாறிவிட்டான். "இந்தக் கதவைத் திறந்தால் உங்கள் கணினி வெடிக்கும்!" என்று ஒரு தலைப்பு. வாய் பிளந்தபடி ஒரு படம். உள்ளே கூச்சலைத் தவிர வேறொன்றுமில்லை. ஆயினும் ஒரு வாரத்தில் ஆயிரத்துத் தொளாயிரம் பார்வைகள் வந்தன. உம்மா உறவினர்களுக்கெல்லாம் தொலைபேசியில் சொன்னார். நானும் தோழிகளுக்குப் பெருமையாக அனுப்பினேன். தம்பி மட்டும் மகிழவில்லை. தயாரிப்பாளருக்கு மட்டும் தெரியும் ஒரு வரைபடத்தைத் திறந்து என்னிடம் காட்டினான். பார்த்தவர்களில் பெரும்பாலானோர் முதல் நிமிடத்திலேயே வெளியேறியிருந்தார்கள். அந்த நாற்பத்தொரு பேரில் பாதிக்கு மேற்பட்டோரோ இறுதிவரை இருந்திருக்கிறார்கள்.

எண்ணிக்கை பொய் சொல்வதில்லை. நாம் எதை எண்ணுகிறோம் என்பதில்தான் பிழை. யூடியூப் நிறுவனமே இதை அனுபவித்து அறிந்தது. ஒரு காணொளி எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதற்கு முதலிடம் கொடுத்தபோது பொய்த் தலைப்புகள் பெருகின. ஆகவே 2012இல், எவ்வளவு நேரம் பார்க்கப்பட்டது என்பதற்கு முதலிடம் கொடுத்தது. பத்து நிமிடத்துக்கு மேற்பட்டவற்றின் இடையில் விளம்பரம் வைக்கலாம் என்ற விதியும் இருந்தது. உடனே, மூன்று நிமிடத்தில் சொல்லக்கூடியதைப் பத்து நிமிடமாக இழுப்பவர்கள் தோன்றினார்கள். 2020இல் அந்த எல்லை எட்டு நிமிடமாகக் குறைந்தது. எதை அளக்கிறோமோ அதுதான் வளர்கிறது. நல்லது தானாக வளர்வதில்லை.

அப்படியானால் பெருங்கூட்டம் சேர்ந்த இடமெல்லாம் தரமற்றதா? அவ்வாறு சொல்வது நியாயமல்ல. டெக்னோபிளேட் என்ற பெயரில் மைன்கிராப்ட் காணொளிகள் வெளியிட்ட அமெரிக்க இளைஞருக்கு ஒரு கோடிக்கும் அதிகமான சந்தாதாரர்கள் இருந்தார்கள். அவரிடம் விளையாட்டுத் திறமையும் இருந்தது, சிரிக்க வைக்கும் பேச்சும் இருந்தது. 2022 ஜூனில், 23 வயதில், புற்றுநோயால் இறந்தார். அவர் எழுதி வைத்த இறுதி வார்த்தைகளை அவருடைய தந்தை வாசித்த காணொளியைக் கண்டு, அவரை ஒருநாளும் நேரில் பாராத பிள்ளைகள் உலகெங்கும் அழுதார்கள். வெறும் கூச்சலுக்காக யாரும் அப்படி அழுவதில்லை.

மறுபுறம், சிறிய கூட்டத்தை நம்பி வாழ்பவர்களும் உண்டு. அயர்லாந்தைச் சேர்ந்த டானி ஓ'ட்வையர் 2016இல் நோகிளிப் என்ற அலைவரிசையைத் தொடங்கினார். ஒரு விளையாட்டு எவ்வாறு உருவானது, அதை உருவாக்கியவர்கள் எங்கே தோற்றார்கள் என்பதை அவர்களிடமே கேட்டு ஆவணப்படங்களாக எடுக்கிறார். அந்த வேலைக்கு விளம்பரத்தை நம்பாமல், பார்வையாளர்கள் மாதந்தோறும் விரும்பித் தரும் பணத்தை நம்பினார். ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் பத்து இலட்சம் பேரைவிட, தம் பையிலிருந்து பணம் தரத் துணியும் சில ஆயிரம் பேர் அந்த வேலையை நிலைக்கச் செய்தார்கள்.

தரமிருந்தால் போதும், பார்வையாளர் தேவையில்லை என்றும் நான் சொல்ல வரவில்லை. விளம்பர வருமானத்தில் பங்கு பெறுவதற்கு ஆயிரம் சந்தாதாரர்களும், பன்னிரண்டு மாதங்களில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும் என்று 2018இல் யூடியூப் விதித்தது. சிறியவர்களுக்கு அது உயர்ந்த மதில். மாதக்கணக்கில் உழைத்து யாரும் திரும்பிப் பாராமல் ஓய்ந்துபோன நல்லவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களிடம் போய் "எண்ணிக்கை முக்கியமல்ல" என்று சொல்வது, பசித்தவனிடம் சோறு முக்கியமல்ல என்று சொல்வதற்குச் சமம். ஆகவே பொறுப்பு தயாரிப்பவரிடம் மட்டுமில்லை. பார்க்கிற நம்மிடமும் இருக்கிறது. நாம் அழுத்தும் ஒவ்வொரு தடவையும் வாக்களிக்கிறோம். பொய்த் தலைப்பு என்று தெரிந்தே திறந்துவிட்டு, பிறகு "இப்போது நல்லது எதுவும் வருவதில்லை" என்று குறைபட நமக்கு உரிமையில்லை.

தோழிகளே, நாற்பத்தொரு பேர் என்பது எங்கள் வகுப்பறை ஒன்றின் அளவு. அத்தனை பேருக்கு ஒரு பாடத்தை விளங்க வைத்துவிட்டு வெளியே வரும் ஆசிரியையிடம் "இவ்வளவு பேர்தானா?" என்று நாம் கேட்பதில்லை. நீங்கள் வாசிக்கும் இந்தச் சஞ்சிகையும் சில நூறு பிரதிகளே அச்சாகிறது. அதற்காக யாரும் இதில் பொய் எழுதுவதில்லை.

பெற்றோரே, பிள்ளை ஒன்றைச் செய்துகொண்டு வந்து காட்டினால், எண்ணிக்கையைப் பிறகு கேளுங்கள். "இதில் என்ன சொல்லியிருக்கிறாய்? எப்படிச் செய்தாய்?" என்று முதலில் கேளுங்கள். நாம் முதலில் கேட்பதைத்தான் அவர்கள் முதலில் தேடுவார்கள். எங்கள் வீட்டில் அதை நான் தாமதமாகவே கற்றுக்கொண்டேன்.

சென்ற மாதம் தம்பியின் முதற் காணொளியின் கீழ் முகமறியாத ஒரு சிறுவன் எழுதியிருந்தான்: "என்னுடைய கதவு ஏன் திறக்கவில்லை என்று இப்போதுதான் விளங்கியது. ரிப்பீட்டர் வைத்தேன். திறக்கிறது." தம்பி அதை எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினான். பின்னர் அந்த வெடிக்கும் கணினியைத் தானாகவே நீக்கிவிட்டு, ரெட்ஸ்டோனில் இயங்கும் மின்தூக்கி ஒன்றைச் செய்து பதிவேற்றினான். அது எப்படி மேலே ஏறுகிறது என்று கேட்டேன். அரை மணிநேரம் விளக்கினான்.

அதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.